'இட்' (1927), கிளாரா போ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்?

பாரமவுன்ட் நிறுவனம் 1927 பிப்ரவரியில் வெளியிட்ட மௌனப் படம். காதல் நகைச்சுவை. ஏழு ரீல், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இயக்கம் கிளாரன்ஸ் பேட்ஜர். கதாநாயகி கிளாரா போ, அப்போது வயது 21. ஏற்கெனவே பெயர் தெரிந்த நடிகைதான் என்றாலும், ஹாலிவுட்டின் முதல் வரிசைக்கு அவரைத் தூக்கிவிட்டது இந்தப் படம். 'இட் கேர்ள்' என்ற பட்டம் கடைசி வரைக்கும் அவரோடு ஒட்டிக்கொண்டதும் இதனால்தான்.

பல ஆண்டுகள் இந்தப் படம் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1960களில் பிராக் நகரத்தில் ஒரு நைட்ரேட் (அந்தக் காலத்துப் பிலிம்) பிரதி கிடைத்தது. 2001-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

கதை என்ன?

'வால்தம்ஸ்' என்ற பெரிய பல்பொருள் அங்காடி. அதில் கவுன்டரில் நிற்கும் விற்பனைப் பெண் பெட்டி லூ. கடைப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் இளம் முதலாளி சைரஸ் வால்தம் ஒருநாள் கடையைச் சுற்றிப் பார்க்க வருகிறார். பார்த்த மாத்திரத்தில் பெட்டி முடிவு கட்டிவிடுகிறாள், இவர்தான் எனக்கு என்று. அவரோ இவள் நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை. கவனித்தவர் முதலாளியின் அசட்டு நண்பர் மான்டி. மான்டி சாப்பிடக் கூப்பிட்டதும் பெட்டி ரிட்ஸ் ஓட்டலுக்குத்தான் வருவேன் என்கிறாள். காரணம், அன்றிரவு முதலாளி அங்கே இருப்பார்.

பிறகு ஒரு பந்தயம், கோனி ஐலண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு மாலை, வாசற்படியில் ஒரு முத்தம், அதற்கு ஓர் அறை, ஒரு குழந்தையால் வந்த தவறான புரிதல், ஒரு படகுப் பயணம். கதை இவ்வளவுதான். கதைக்காக இதைப் பார்க்க உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள்.

தலைப்பில் இருக்கும் 'இட்' எதைக் குறிக்கிறது?

எலினார் கிளின் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் பரப்பிய பேச்சு அது. ஒருவரிடம் இருக்கும் இனம்புரியாத ஈர்ப்பு. அழகு அல்ல, வெறும் கவர்ச்சியும் அல்ல. பத்திரிகையில் அவர் எழுதிய கதையின் தலைப்பையும் கருத்தையும் மட்டும் ஸ்டூடியோ எடுத்துக்கொண்டது; கதை, பாத்திரங்கள் எல்லாம் வேறு. படத்துக்குள் மான்டி அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, 'அது' யாரிடம் இருக்கிறது என்று கடை முழுக்கத் தேடி அலைகிறார். ரிட்ஸ் காட்சியில் கிளின் அம்மையாரே நேரில் வந்து விளக்கம் சொல்கிறார். இன்றைக்குப் படத்துக்குள் விளம்பரம் என்கிறோமே, அதன் கலப்படமில்லாத வடிவம்.

சுவாரஸ்யம் எங்கே என்றால், கிளின் சொல்லும் இலக்கணத்தில் முக்கியமான பகுதி அலட்சியம். பிறருக்குப் பிடிக்கிறோமா இல்லையா என்று கவலைப்படாமல் இருக்க வேண்டுமாம். பெட்டி லூவுக்கு இது துளியும் பொருந்தாது. முதல் ரீலிலிருந்து அந்த மனிதரைத் துரத்துகிறாள், கணக்குப் போடுகிறாள், அவர் பார்க்கவில்லை என்றால் முகம் தொங்கிப்போகிறது. ஆசையை ஒளிக்கவே தெரியாத பெண். நமக்கு அவளைப் பிடிப்பதும் அதனால்தான். படம் ஒரு கோட்பாட்டை விற்க எடுக்கப்பட்டது. நடிகை அதைக் காட்சிக்குக் காட்சி பொய்யாக்குகிறார். இதை மனதில் வைத்துப் பார்த்தால் படம் இன்னும் சுவைக்கும்.

இணையத்தில் பல பிரதிகள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள். மௌனப் படத்தில் ஓடும் நேரம் வேகத்தைச் சொல்லிவிடும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம் (தனித்தனிப் படம்). இந்தப் படம் ஏறத்தாழ 6,500 அடி, அதாவது சுமார் 1,04,000 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் ஓட்டினால் 72 நிமிடம், 22 என்றால் 79, 20 என்றால் 87. 72-க்கும் 79-க்கும் இடைப்பட்ட பிரதிகள் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். 65-க்குக் கீழே போனால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது வேகமாக ஓடுகிறது. 87-ஐத் தாண்டினால் நகைச்சுவையின் தாளம் இழுபடும். 1920களின் பிற்பாதிப் படங்களை எல்லாம் 'பழசுதானே' என்று 16 பிரேமில் ஓட்டுவது பரவலான தவறு. அந்தக் காலத்துக்குள் வேகம் கூடிவிட்டது.

அடுத்தது டைட்டில் கார்டு, அதாவது வசனத்தையும் விளக்கத்தையும் எழுத்தில் காட்டும் அட்டை. எழுத்துகள் சட்டத்தின் நடுவில் இல்லாமல் இடப்பக்கமாக ஒட்டிக்கிடக்கின்றனவா? அப்படியானால் ஒலித்தடத்துக்கான இடத்தை இடது ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்ட பிரதியிலிருந்து நகலெடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் இடப்பக்கம் கொஞ்சம் போயிருக்கும். வேறு பிரதி தேடுங்கள்.

மூன்றாவது இசை. சிலர் கையில் கிடைத்த ராக்டைம் தொகுப்பை முழுப் படத்துக்கும் ஓடவிட்டிருப்பார்கள். குழந்தையைப் பறிக்க வரும் காட்சியிலும் அதே துள்ளல் இசை கேட்டால் ஒலியை அணைத்துவிடுவதே மேல். பியானோ ஒன்று மட்டும், காட்சியைப் பார்த்து வாசித்ததாக இருந்தால் போதும்.

டிவியில் போட்டால் ஏதோ செயற்கையாகத் தெரிகிறதே?

டிவியின் அமைப்புகளில் அசைவை மென்மையாக்கும் வசதி இருக்கும், ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இல்லாத பிரேம்களை அது தானாக உண்டாக்கிச் செருகுகிறது. கிளாராவின் நடிப்பே நொடிப்பொழுது முகமாற்றத்தில் இருக்கிறது. அதை வழுவழுப்பாக்கினால் மிச்சம் ஒன்றுமில்லை. படத்தின் வடிவத்தை 4:3-இல் வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். திரையை நிரப்ப இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். பெரிதாக்கினால் தலையும் காலும் போய்விடும். கூர்மை அளவையும் குறையுங்கள், பிலிம் மணல்மணலாகத் தெரிவது அடங்கும்.

மௌனப் படம் பார்த்துப் பழக்கமில்லை. எப்படித் தொடங்கலாம்?

கைப்பேசியைத் தள்ளிவைப்பது முதல் வேலை. பேசும் படத்தைக் காதால் பாதி பார்க்கலாம். இதில் கண்ணை எடுத்தால் கதை நின்றுவிடும். டைட்டில் கார்டுகள் அன்றைய மெதுவான வாசகரையும் கணக்கில் வைத்து நீண்ட நேரம் நிற்கும். படித்து முடித்ததும் எரிச்சல் வேண்டாம், அடுத்த முகத்துக்குத் தயாராகும் இடைவெளி அது.

கார்டு பேசுவதற்கு முன்பே நடிகர் அதை முகத்தில் சொல்லியிருப்பார். ஒரு காட்சியைக் கார்டுகளைப் படிக்காமல் பார்த்து, என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகித்து, திரும்ப ஓட்டிச் சரிபார்த்தால் கண் பழகிவிடும். கோனி ஐலண்ட் காட்சி இதற்கு நல்ல தொடக்கம். சறுக்குமரம், சுற்றும் உருளை, ஆட்களை விசிறியடிக்கும் சுழல்தட்டு. மடிப்புக் கலையாத கோட்டோடு வந்த முதலாளி தட்டிலிருந்து உருண்டு விழுகிறார். சொல்லவே தேவையில்லாத சிரிப்பு.

கிளாரா போவிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

கண்களை. முகத்தில் மற்ற எதுவும் அசையாதபோதும் கண் வேலை செய்துகொண்டே இருக்கும். வால்தமை முதன்முதலில் பார்க்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆணைப் பெண் பார்க்கும் பார்வையை இவ்வளவு வெளிப்படையாக அன்றைய திரை அதிகம் காட்டியதில்லை. கண் அவர்மேல் பதிகிறது, அளக்கிறது, திருப்தி வருகிறது, பிறகுதான் வாய் திறக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பரிசு கேட்கும் குழந்தை மாதிரி அந்த ஆளைக் கேட்கிறாள். காட்சி ஆபாசமாகாமல் தப்பிப்பது அந்தக் குழந்தைத்தனத்தால்தான்.

அடுத்து, உடை வெட்டும் காட்சி. ரிட்ஸுக்குப் போட்டுக்கொள்ள அவளிடம் மாலை உடை கிடையாது. வேலைக்குப் போட்டுப்போன கறுப்பு உடையிலேயே, அறைத்தோழி மாலியின் உதவியோடு கத்தரிக்கோல் வைக்கிறாள். கழுத்து இறங்குகிறது, கடைப்பெண் மறைந்து வேறொருத்தி கண்ணாடியில் நிற்கிறாள். காசில்லாதவள் கையாளும் சாமர்த்தியத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும் காட்சி. அன்றைக்குத் திரையரங்கை நிரப்பிய இளம்பெண்களில் பலர் அலுவலகத்திலும் கடையிலும் சம்பளத்துக்கு நின்றவர்கள். அவர்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல.

அவர் சும்மா நிற்கும் ஷாட்களையும் பாருங்கள். மற்றவர் நடிக்கும்போது கிளாரா தோளைக் குலுக்குவார், உதட்டைக் கடிப்பார், எதையாவது தொட்டுப் பார்ப்பார். மேடை நடிப்பிலிருந்து வந்தவர்கள் ஒரு பாவனையைப் பிடித்து நிறுத்திக் காட்டுவார்கள். இவர் எதையும் நிறுத்துவதில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அறை கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடி, ஜன்னல் வழியாக அவர் போவதை எட்டிப் பார்க்கும் இடத்தில் கோபம், வெட்கம், வெற்றி மூன்றும் ஒரே மூச்சில் ஓடுகின்றன.

தலைமுடி செம்பட்டை நிறம். கறுப்பு வெள்ளையில் கருமையாக விழுந்திருக்கிறது. போஸ்டர்களில் சிவப்பாக இருப்பதைப் பார்த்து வேறு யாரோ என்று நினைக்க வேண்டாம்.

அவர் எங்கிருந்து வந்தார்?

1905-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், கடுமையான வறுமையில் பிறந்தவர். தாய் மனநோயால் அவதிப்பட்டவர். 1921-இல் சினிமாப் பத்திரிகைகள் நடத்திய 'பேம் அண்ட் பார்ச்சூன்' போட்டியில் வென்றார். பரிசாகக் கிடைத்த முதல் படத்தில் அவர் நடித்த பகுதியை வெட்டிவிட்டார்கள். அடுத்து வந்த 'டவுன் டு தி சீ இன் ஷிப்ஸ்' (1922) கவனம் பெற்றுத் தந்தது. 1923-இல் ஹாலிவுட் போனார், தயாரிப்பாளர் பி.பி. ஷுல்பெர்க் குறைந்த சம்பளத்தில் ஒப்பந்தம் போட்டு, மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டே சம்பாதித்தார். 1925-இல் மட்டும் பத்துக்கு மேற்பட்ட படங்கள். ஷுல்பெர்க் பாரமவுன்டுக்குப் போனபோது கிளாராவும் கூடவே போனார்.

'ஒரே இரவில் நட்சத்திரம்' என்ற விளம்பரம் உண்மையல்ல. 'இட்' எடுக்கும்போது அவருக்கு ஐந்து வருட அனுபவம் இருந்தது, அந்த வேகமும் சரளமும் அங்கே தேறியவை.

மற்ற நடிகர்கள்?

வால்தமாக வரும் அன்டோனியோ மொரேனோ ஸ்பெயினில் பிறந்தவர், 1910களிலிருந்தே நாயகன். கொஞ்சம் மரத்தனமாகத் தெரிவார். அது படத்துக்கு உதவுகிறது; இவள் துள்ளுவதற்கு அசையாத சுவர் ஒன்று வேண்டுமே. மான்டியாக வரும் வில்லியம் ஆஸ்டின்தான் படத்தின் இன்னொரு சொத்து. தன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி, கடைசியில் அவளோடு நெரிசல் பஸ்ஸில் ஏறி விழிக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். 1943-இல் வந்த 'பேட்மேன்' தொடர்படத்தில் ஆல்பிரட் என்ற பணியாளாக நடித்தவரும் இவரே. மாலியாகப் பிரிசில்லா பானர், பணக்காரப் போட்டியாளராக ஜாக்குலின் காட்ஸ்டன்.

பின்னாளில் பெரிய நட்சத்திரமான கேரி கூப்பர் இருக்கிறாராமே, எங்கே?

குழந்தையைப் பறிக்கச் சமூகநலப் பெண்கள் பெட்டியின் வீட்டுக்கு வரும் காட்சியில், குறிப்பெடுக்கும் பத்திரிகை நிருபர். கண் சிமிட்டினால் போய்விடுவார்.

இயக்கியது ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் என்று சிலர் சொல்கிறார்களே?

பேட்ஜர் உடல்நலம் குன்றியிருந்தபோது சில காட்சிகளை ஸ்டெர்ன்பெர்க் எடுத்தார், பெயர் போடப்படவில்லை. படம் பேட்ஜருடையதே. தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்கள் முதல் ஷாட்டைப் பாருங்கள்: கடையின் பெயர்ப்பலகையில் தொடங்கும் அந்த ஷாட்டில் ஜூம் லென்ஸ் இருக்கிறது. சினிமாவில் அதன் மிக ஆரம்பகாலப் பயன்பாடுகளில் ஒன்று.

குழந்தை விவகாரமும் முதலாளி காதலும் இன்று நெருடாதா?

நெருடும், நெருடவும் வேண்டும். நோயாளியான மாலியின் குழந்தையை 'கவனிக்க ஆளில்லை' என்று எடுத்துப்போக வருகிறார்கள். தோழியைக் காப்பாற்ற, குழந்தை என்னுடையது என்கிறாள் பெட்டி. மணமாகாத தாய் என்றால் அன்று வேலையும் வீடும் பெயரும் ஒன்றாகப் போகும். அதைத் தெரிந்தே சொல்கிறாள். செய்தி வால்தமுக்குப் போகிறது. காரணம் கேட்காமல், நகையும் வசதியும் தருகிறேன், ஆனால் திருமணம் இல்லை என்று மறைமுகமாக ஓர் ஏற்பாட்டை முன்வைக்கிறார். அவள் வேலையை உதறிவிட்டுப் போகிறாள்.

இந்தக் காட்சியைச் சிரிப்புப் படத்தின் நடுவில் வந்த இடைஞ்சலாக எண்ணி ஓட்டிவிடாதீர்கள். படம் முதலாளிக்குப் பரிந்து பேசவில்லை, அவள் அழுகையை அருகில் நின்று காட்டுகிறது. ஆனால் கடைசியில் அவர் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறார் என்பதும் மெய்தான். திரைக்கதையின் பலவீனம் அங்கேதான்.

முடிவில் நங்கூரக் காட்சியில் என்ன விசேஷம்? (முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.)

வால்தமைத் தன்னிடம் திருமணம் கேட்க வைத்துவிட்டு, முகத்துக்கு நேரே சிரித்துப் பழிவாங்கத்தான் பெட்டி வேறு பெயரில் படகில் ஏறுகிறாள். நினைத்தது நடக்கிறது, ஆனால் சிரித்த பிறகு அவளுக்கே தாங்கவில்லை. மான்டி படகை ஓட்டி மோதவிட, பெட்டியும் போட்டியாளரும் தண்ணீரில் விழுகிறார்கள். பதறி உதறும் அந்தப் பெண்ணை முகத்தில் ஒரு குத்துவிட்டு அடக்கிக் காப்பாற்றுகிறாள் பெட்டி. ஈரம் சொட்ட நங்கூரத்தில் ஏறும் அவளிடம் வால்தம் வந்து சேர்கிறார். படகின் பெயர் 'இடோலா'. அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் இருவருக்கும் நடுவில் தெரியும்படி நிறுத்தியிருக்கிறார்கள். பெயரை முன்பே கவனித்திருந்தால் சிரிப்பு வரும். சின்னத் திரையில் பலர் கோட்டைவிடுவது இதைத்தான்.

திரைப்படச் சங்கத்தில் திரையிடலாமா? உரிமை வாங்க வேண்டுமா?

அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் படம் பொதுவுடைமை. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு என்பதால் இங்கும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் சிக்கல் இசையில் வரும். பிற்காலத்தில் இசையமைத்துச் சேர்த்த பிரதி என்றால் அந்த இசைக்குத் தனி உரிமை உண்டு. ஒலியை அணைத்துவிட்டு, உள்ளூர்க் கலைஞரைக் கீபோர்டில் உட்காரவைப்பது சட்டத்துக்கும் பாதுகாப்பு, அரங்குக்கும் உயிர்.

அவருக்குப் படத்தை இரண்டு முறையாவது முன்கூட்டிப் போட்டுக் காட்டுங்கள். நான்கைந்து கருப்பொருள் மெட்டு போதும்: கடை, பெட்டி, மான்டி, குழந்தை, பூங்கா. ஒவ்வோர் அசைவுக்கும் ஒலி கொடுக்க முயன்றால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். அறை விழும் இடத்தில் வாசிப்பை நிறுத்துவது எந்தச் சத்தத்தையும்விட நன்றாக எடுபடும்.

ஆங்கிலம் வேகமாகப் படிக்காதவர்கள் வந்தால் டைட்டில் கார்டுகளைத் தமிழில் ஒருவர் வாசிக்கலாம். வாக்கியங்களைச் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள். கார்டு மறைவதற்குள் வாசிப்பு முடிய வேண்டும், முகம் வந்த பிறகு குரல் கேட்கக் கூடாது. குரலை மாற்றி நடிக்கவும் வேண்டாம். பலமுறை திரையிடலைக் கெடுப்பது அந்த உற்சாகம்தான். தொடங்குமுன் அறிமுகம் மூன்று நிமிடத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்.

பேசும் படம் வந்ததும் கிளாரா ஏன் மறைந்தார்? குரல் சரியில்லையா?

குரல் கெட்டுப்போனதால் அல்ல. முதல் பேசும் படமான 'தி வைல்ட் பார்ட்டி' (1929) நன்றாகவே ஓடியது. தொல்லை மைக்கில் இருந்தது. அசையாமல் ஓர் இடத்தில் நின்று பேசு என்றால், அசைவே நடிப்பாக இருந்தவர் என்ன செய்வார்? அந்தப் படத்தின் இயக்குநர் டோரதி ஆர்ஸ்னர் மைக்கைத் தூண்டில் கம்பில் கட்டித் தலைக்குமேல் பிடிக்கச் சொன்னார், கிளாரா நகர்ந்தால் மைக்கும் நகர. அப்படியும் மைக் பயம் விடவில்லை. அதோடு ஓய்வில்லாத வேலை, 1931-இல் முன்னாள் செயலாளர் மீதான வழக்கில் சந்தி சிரித்த அந்தரங்கம், நரம்புத்தளர்ச்சி. நடிகர் ரெக்ஸ் பெல்லை மணந்து நெவாடாவில் பண்ணை வாழ்க்கைக்குப் போனார். கடைசிப் படம் 1933-இல். மறைவு 1965.

அவரைப் பற்றி உலவும் கதைகள் உண்மையா?

பெரும்பாலும் இல்லை. ஒரு கல்லூரிக் கால்பந்து அணியோடு அவரைச் சேர்த்துப் பேசும் ஆபாசக் கதை மாதிரியானவை வதந்திப் பத்திரிகைகளும் பிற்கால வம்புப் புத்தகங்களும் கிளப்பியவை. 'இட்'டைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் டோரதி பார்க்கர் அடித்த கிண்டல் கிளாராவைக் குறிக்கும் என்று சொல்வதும் தவறு. அது கிளின் எழுதிய கதையின் நாயகியைப் பற்றியது.

அடுத்து எதைப் பார்ப்பது?

'மேன்ட்ராப்' (1926). விக்டர் பிளெமிங் இயக்கம், ஜேம்ஸ் வாங் ஹோவ் ஒளிப்பதிவு. காட்டுப்புற வியாபாரியை மணந்து வந்த நகரத்துப் பெண்ணாக வருகிறார். நடிப்பு என்று பார்த்தால் 'இட்'டைவிட இதுவே ஒரு படி மேல். பிறகு 'விங்ஸ்' (1927), சிறந்த படத்துக்கான முதல் ஆஸ்கர் வாங்கியது; ஆனால் அது விமானங்களின் படம், இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், கிளாரா அவ்வப்போதுதான் வருவார். 'தி வைல்ட் பார்ட்டி'யை மூன்றாவதாக, குரல் எப்படி இருக்கிறது என்ற ஆவலுக்காகப் பாருங்கள். 'ரெட் ஹேர்' (1928) போல அவருடைய சில படங்களில் துண்டுகள்தான் மிச்சம். முழுப்படம் என்று யாராவது இணைப்பு அனுப்பினால் திறக்காமல் விடுவது நல்லது.